முப்பத்தொரு எழுத்துகள்

நம் சங்கத்து மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். பயணக் கட்டுரை என்றால் பார்த்த கோபுரங்களையும் கடந்த தொலைவையும் கணக்கெழுதுவது என்றொரு வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 2019-ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலும் ஜூலையிலுமாக நாங்கள் ஐவர் ருஷ்யாவிலும் பால்டிக் கடலோரத்து மூன்று சிறு நாடுகளிலும் சுற்றி வந்த கதையில் அந்தக் கணக்குக் குறைவு. மிகுதியாக இருப்பது ஒரு வீட்டுச் சச்சரவு. அதை எழுதலாமா என்று மனைவியைக் கேட்டேன். "தாராளமாக எழுதுங்கள். ஆனால் உங்களை நல்லவராகக் காட்டிக்கொள்ளாமல் எழுதுங்கள்" என்றாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே எழுதுகிறேன்.

ஐவர் யாரெனில் நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை, பேத்தி. மாப்பிள்ளை வங்காளி. பேத்திக்கு அப்போது பதினொரு வயது. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள்; தந்தையோடு வங்காளம், பள்ளியில் ஆங்கிலம், எங்களோடு ஒருவகைத் தமிழ். நாம் பேசுவது அவளுக்கு விளங்கும். மறுமொழி பாதி வழியில் வங்காளத்துக்குத் தாவிவிடும். தமிழ் எழுத்தில் ஒன்றேனும் அவளுக்கு அப்போது தெரியாது. அவள் தாய்க்கும், அதாவது என் மகளுக்கும், தெரியாது. இதை இந்த மலரில் எழுதக் கூசுகிறேன். ஏனெனில், 1980-களில் ஞாயிறுதோறும் நடந்த தமிழ் வகுப்புக்குப் பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் வாங்கிச் சுமந்து, பிறர் வீட்டுப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று திரட்டி வந்தவர்களுள் நானும் ஒருவன்.

ருஷ்யாவுக்குப் போகவேண்டும் என்பது என் மனைவியின் முப்பதாண்டு ஆசை. 1986-இல் விடுமுறைக்கு மதுரை சென்றிருந்தபோது சோவியத் நூல் கண்காட்சி ஒன்றில் தாஸ்தாயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' நூலை வாங்கினாள். ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பு, மாஸ்கோவிலேயே தமிழில் அச்சிடப்பட்டு வந்த நூல், விலையோ சில ரூபாய். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த நமக்கு அந்த நூல்கள் எத்தகைய துணையாக இருந்தன என்பதை இம்மலரைப் படிக்கும் மூத்தோர் அறிவர். ஊருக்குப் போய்வருபவரிடம் ஊறுகாயோடு சேர்த்து அவற்றையும் கேட்டனுப்புவோம். 1991-இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது. நூல்களின் வரவும் நின்றது. அந்தப் பிரதி எங்கள் வீட்டில் மூன்று முறை வீடு மாறியும் தொலையாமல் இருந்தது. பயணத்தின்போது அது மனைவியின் கைப்பையில், பருப்புப்பொடிப் பொட்டலத்தின் மேல், இருந்தது.

உணவைப் பற்றி அஞ்சிய அளவுக்கு ஒன்றும் நேரவில்லை. கிரேச்கா என்று ருஷ்யர் உண்ணும் ஒரு பழுப்புத் தானியம் உண்டு. பக்வீட் என்று ஆங்கிலத்தில் சொல்வது. அதை வேகவைத்து, கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து உண்டோம். கெஃபீர் என்னும் புளித்த பாலை மோர் என்றே என் மனைவி முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு மீன் கிடைத்தது. அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாஸ்கோவில் நான்கு நாள். தோல்ஸ்தோய் குடும்பத்தோடு வாழ்ந்த ஹமோவ்னிக்கி வீட்டைப் பார்த்தோம். அங்கே மாப்பிள்ளையிடம் ஒரு செய்தி சொன்னேன்: 1908-இல் தாரக்நாத் தாஸ் என்னும் வங்க இளைஞர் எழுதிய கடிதத்துக்கு மறுமொழியாகத் தோல்ஸ்தோய் எழுதியதே 'ஓர் இந்துவுக்குக் கடிதம்', அதில் அவர் நம் திருக்குறளை எடுத்துக்காட்டுகிறார். வங்காளி கேட்டார், ருஷ்யர் குறளைக் கொண்டு விடை சொன்னார் என்று சற்றே பெருமிதத்தோடு முடித்தேன். மாப்பிள்ளை புன்னகைத்து, "குறளை நீங்கள் மிதாலிக்குப் படிக்கச் சொல்லித் தந்தீர்களா?" என்று கேட்டார். மிதாலி என் பேத்தி. அவர் குத்தலாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். நான் சுவரிலிருந்த ஒரு படத்தை ஆராயத் தொடங்கினேன்.

மறுநாள் வெடித்தது. மாஸ்கோவின் நிலத்தடி ரயில் 1935-இல் தொடங்கியது. நிலையங்கள் அரண்மனைகள் போலிருக்கும் என்பதெல்லாம் பலர் எழுதியதே. மிதாலிக்கு அந்த அலங்காரங்களில் நாட்டமில்லை. பெயர்ப்பலகைகளில்தான் கண். ஆங்கிலத்தின் 'பி' போலத் தோன்றுவது அங்கே ரகரம், 'எச்' போலத் தோன்றுவது நகரம், 'சி' போலத் தோன்றுவது ஸகரம் என்று அவளாகவே கண்டுபிடித்து, குறிப்பேட்டில் எழுதி, நான்காம் நாள் மாயகோவ்ஸ்கயா நிலையத்தின் பெயரை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். அருகில் நின்ற ஒரு முதியவர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். என் மனைவி மட்டும் தட்டவில்லை.

"நான்கு நாளில் அந்நிய எழுத்து வந்துவிட்டது. பதினொரு வருஷத்தில் நம் அகரம் வரவில்லை."

குழந்தை வியப்போடு பாட்டியைப் பார்த்தாள். "இது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, பாட்டி. அதை யாரும் எனக்குக் காட்டவில்லையே!"

நகரும் படிக்கட்டில் ஏறினோம். மாஸ்கோவின் படிக்கட்டுகள் மிக நீண்டவை. ஒரு பேச்சுத் தொடங்கினால் மேலே போய்ச் சேருவதற்குள் முடித்துவிடலாம். எனக்கு முன் படியில் நின்ற மகள் திரும்பாமலே சொன்னாள்: "எனக்கும் யாரும் காட்டவில்லை. காட்டிக்கொண்டிருந்ததையும் நிறுத்தச் சொன்னது நீங்கள்தான், அப்பா."

அது உண்மை. அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது, மூன்று மொழிகளின் எழுத்தும் குழந்தையைக் குழப்புகின்றன, மதிப்பெண் குறைகிறது, ஒன்றை விட்டுவிடுங்கள் என்று பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்னார். எதை விடுவது என்று நான் ஒரு மாலைகூட யோசிக்கவில்லை. ஞாயிறு வகுப்பிலிருந்து அவளை நிறுத்தினேன். பிறகு கற்றுக்கொள்ளலாம், நம் மொழி எங்கே போய்விடப் போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். பிறர் வீட்டுப் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துவரும் பணியை மட்டும் நிறுத்தவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலோரம் நின்று நான் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை மனைவி அன்றிரவு விடுதியில் சொன்னாள். முப்பத்து மூன்று ஆண்டுகளாக எனக்குத் தெரியாத செய்தி அது.

மாஸ்கோவிலிருந்து பீட்டர்ஸ்பர்க் 650 கிலோமீட்டர். விரைவு ரயில் நான்கு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிட்டது. வழியெல்லாம் பிர்ச் மரங்கள். எவரும் அதிகம் பேசவில்லை.

ஜூலை தொடக்கத்தில் அந்நகரில் இரவு பத்தரை மணியை ஒட்டித்தான் கதிரவன் மறைகிறான். மறைந்த பின்னும் வானம் இருள மறுக்கிறது. எங்கள் வைகறையில் ஒரு கால்மணி நேரம் இருந்து போகும் அந்தச் சாம்பல் நீலம் அங்கே இரவு முழுதும் தங்குகிறது. தாஸ்தாயெவ்ஸ்கி 1881-இல் உயிர்நீத்த வீட்டைப் பகலில் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குக் கிரிபயேதவ் கால்வாய்க் கரையில் ஒரு கல்லிருக்கையில் அமர்ந்தோம். நாஸ்தென்கா நின்ற கரை இதுதானா, வேறொன்றா என்று நான் ஆராயத் தொடங்குமுன் மனைவி கைப்பையிலிருந்து நூலை எடுத்துவிட்டாள். விளக்கில்லாமல் படிக்க முடிந்தது. முதல் பக்கத்தை மெல்லிய குரலில் வாசித்தாள். மாப்பிள்ளைக்கு மகள் வங்காளத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் செவிக்குத் தமிழ் முழுதும் எட்டுகிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

மிதாலி அட்டையை விரலால் தொட்டாள். "பாட்டி, முதல் எழுத்துக்கு முன்னால் சுழித்துக்கொண்டு நிற்கிறதே, அது என்ன?"

"கொம்பு. வகரத்துக்கு முன்னால் நின்றால் வெ."

"வங்காளத்திலும் எகரம் இப்படித்தான் முன்னால் நிற்கும்!" அவள் குதித்தாள். "மொத்தம் எத்தனை எழுத்து? ருஷ்யத்தில் 33."

247 என்று நான் பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையை அழுத்தினாள். "உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. 31. மற்றதெல்லாம் இவை சேர்ந்து உண்டாவது."

"அப்படியானால் ருஷ்யத்தைவிட இரண்டு குறைவு!"

நாற்பதாண்டாக நாம் பிள்ளைகளுக்கு 247 என்று சொல்லி மிரட்டிவந்திருக்கிறோமோ என்று எனக்கு அன்று தோன்றியது. மகள் ஒன்றும் சொல்லாமல் நூலை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, திருப்பிக் கொடுத்தாள்.

அங்கிருந்து பேருந்தில் எஸ்தோனியாவுக்குப் புறப்பட்டோம். எல்லையில் நார்வா ஆறு. ருஷ்யக் கரையில் 1492-இல் எழுப்பிய இவான்கரத் கோட்டை, எதிர்க்கரையில் ஹெர்மன் கோட்டை. இரண்டும் கூப்பிடு தூரத்தில் முகத்துக்கு முகம் நிற்கின்றன. இரு கரையிலும் இறங்கி ஏறி, முத்திரை வாங்கி, பாலத்தைக் கடந்தோம். உக்ரைன் போர் 2022 பிப்ரவரியில் மூண்டபின் அந்த எல்லையில் கெடுபிடி மிகுந்தது. 2024 பிப்ரவரியில் பாலத்தில் வண்டிப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. நாங்கள் சென்ற வழி இனி எளிதாக வாய்க்காது.

எஸ்தோனியாவின் மக்கள் தொகை 13 லட்சம் அளவே. கொல்கத்தாவின் ஒரு பகுதிக்குக் காணாது. ஆயினும் பல்கலைக்கழகம் முதல் பால் பொட்டலம் வரை அவர்கள் மொழியில் இயங்குகிறது. அம்மொழி ஃபின்னிய மொழிக்கு உறவு. வேற்றுமை உருபுகள் பதினான்கு. தாலின்னாஸ் என்றால் தாலினில். தாலின்னாஸ்த் என்றால் தாலினிலிருந்து. பெயரின் வாலில் உருபைக் கோக்கும் அந்த முறை நமக்குப் பழகியது போலவே இருக்கிறது. இதைக் கொண்டு அடுத்த ஆண்டுவிழாவில் எஸ்தோனியரும் தமிழரும் ஒரு குடி என்று யாரும் சொற்பொழிவாற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 7 அன்று தாலினில் பாட்டுத் திருவிழா. 1869-இல் தார்த்து நகரில் முதன்முதலாக நடந்ததன் 150-ஆம் ஆண்டு அது. கடலோரத் திடலின் பெரும் வளைவு மேடையில் பல்லாயிரவர் ஒரே நேரத்தில் நின்று பாடினர். 1988-இல் இதே திடலில் மக்கள் கூடித் தடுக்கப்பட்ட பாடல்களைப் பாடினார்கள் என்றும், 1991-இல் விடுதலை வந்தது என்றும் மாப்பிள்ளை படித்துச் சொன்னார். எனக்கு நினைவில் நிற்பது எங்கள் முன்வரிசை. ஒரு மூதாட்டி கண்ணை மூடிப் பாடினார். அவர் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு சிறுவன் உடன் பாடினான். என் மனைவி மேடையைப் பார்க்கவேயில்லை.

லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் செப்பலின் வானூர்திக் கொட்டகைகளைக் கொண்டு 1930-இல் அமைத்த சந்தையில் சதகுப்பைக் கீரையும் வெள்ளரிக்காயும் வாங்கினோம். ஆனால் ரீகாவில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு மர அலமாரி. க்ரிஷ்யானிஸ் பாரன்ஸ் என்னும் அறிஞர் லாத்விய நாட்டுப்பாடல்களைத் தொகுத்துவைத்த அலமாரி அது. நான்கடியளவில் அமைந்த சிறு பாடல்கள். விரல் நீளத் துண்டுத் தாள்களில் எழுதி, இழுப்பறைகளில் வகைப்படுத்தியிருக்கிறார். 1894 முதல் 1915 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது பாடல்களின் எண்ணிக்கை 2,17,996. இப்போது தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்நூலகத்துக்கு 2014 ஜனவரியில் பழைய கட்டடத்திலிருந்து மக்கள் உறைபனியில் வரிசையாக நின்று நூல்களைக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இவ்வளவையும் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்த நான், அந்த அலமாரி செய்யப்பட்ட இடம் எதுவென்று அறிந்ததும் திகைத்தேன். 1880-இல் மாஸ்கோவில். பாரன்ஸ் அங்கே பிழைப்புக்காக ஆசிரியராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். ஊர்களிலிருந்து மக்கள் எழுதியனுப்பிய பாடல்களை, வேற்று மொழி பேசும் நகரத்தில், வேலை முடிந்த வேளைகளில் அவர் அடுக்கியிருக்கிறார். உ.வே. சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடி அலைந்த அதே காலம். நம் தாத்தா ஊருக்குள் அலைந்தார்; இவர் ஊருக்கு வெளியே இருந்து சேர்த்தார். வெளியூரில் இருக்கிறோம், என்ன செய்வது என்று நான் எத்தனை கூட்டங்களில் பேசியிருப்பேன்!

"அப்பா, போகலாமா?" என்று மகள் கேட்டாள். "நீ சொன்னது சரிதான். வகுப்பிலிருந்து நிறுத்தியது நான்தான். நிறுத்தியிருக்கக் கூடாது" என்றேன். அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க என்னால் இயலவில்லை. அவள் சற்றுப் பொறுத்து, "மழை வருகிறது. குடை உங்களிடம்தானே இருக்கிறது?" என்றாள்.

கடைசியாக லித்துவேனியா. இங்கே மாப்பிள்ளையின் முறை. நெருப்பு அவர்கள் மொழியில் உக்னிஸ், புகை தூமஸ் என்று கண்டு, அக்னி, தூமம் என்று வழியெல்லாம் மகிழ்ந்தார். வில்னியுஸ் நகரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டில் அறை எடுத்திருந்தோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர், நிதானமான ஆங்கிலம். அவருடைய கூடத்து அலமாரியில் பழைய ருஷ்ய நூல்கள் சில இருந்தன. மிதாலி விடுவாளா? ஒவ்வொன்றாக முதுகுப் பெயரை உரக்கப் படித்தாள். அம்மூதாட்டி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மிக நன்றாகப் படிக்கிறாய். நானும் சிறுமியாக இருந்தபோது அதைக் கட்டாயம் கற்றேன்" என்றார். பிறகு ஒரு பெட்டியிலிருந்து பழைய பணத்தாள் ஒன்றை எடுத்துவந்தார்.

லித்துவேனியா 2015-இல் யூரோவுக்கு மாறுமுன் அவர்களுக்கு லித்தாஸ் என்னும் நாணயம் இருந்தது. அது 1993-ஆம் ஆண்டின் ஐந்து லித்தாஸ் தாள். அதன் பின்புறம் ஒரு சிற்பத்தின் படம்: ஒரு தாய் இராட்டையில் நூற்கிறாள், அருகில் குழந்தை நூலில் எழுத்துக்கூட்டுகிறது. பெட்ராஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906-இல் செய்தது. அதன் கதையை அவர் சொன்னார். 1863-இல் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அடக்கிய பின், 1864 முதல் 1904 வரை நாற்பது ஆண்டுகள், லித்துவேனிய மொழியை அதன் இலத்தீன் எழுத்தில் அச்சிடக் கூடாது. ருஷ்ய எழுத்தில்தான் அச்சிடலாம் என்று தடை. அரசு அச்சிட்ட நூல்களை மக்கள் தொடவில்லை. எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் தங்கள் எழுத்தில் அச்சிட்டு, இரவில் முதுகில் சுமந்து கடத்தி வந்தார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். பள்ளியில் சொல்லித்தர வழியில்லாததால் தாய்மார் வீட்டிலேயே இராட்டையைச் சுற்றியவாறு எழுத்தறிவித்தனர். "என் கொள்ளுப்பாட்டியின் பிரார்த்தனை நூல் மாவுப் பீப்பாயில் இருந்தது" என்றார்.

மிதாலி கையிலிருந்த ருஷ்ய நூலை மெல்ல அலமாரியில் வைத்தாள். ஏதோ தவறு செய்துவிட்டவள் போலிருந்தது அவள் முகம். மூதாட்டி சிரித்து, அதையே மீண்டும் எடுத்து அவள் கையில் கொடுத்தார். "எழுத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இது செகாவ். நான் இன்னும் படிக்கிறேன்."

மறுநாள் பழைய ரகசியப் போலீசுக் கட்டடத்தைப் பார்த்தோம், இப்போது அருங்காட்சியகம். வெளிச்சுவரின் கற்களில் அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. எனக்கு என் மொழியில், நல்ல தாளில், சில ரூபாய்க்கு இலக்கியம் அச்சிட்டு அனுப்பிய அதே அரசு இந்தச் சுவருக்குள்ளும் இருந்திருக்கிறது. என் இளமையின் நன்றியை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தப் பெயர்களைப் படித்த பிறகு அது முன்போல இலேசாக இல்லை. மனைவியிடம் சொன்னேன். "புத்தகத்தை மொழிபெயர்த்தவர் கிருஷ்ணையா. அவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றாள்.

புறப்படும்போது மூதாட்டி அந்த ஐந்து லித்தாஸ் தாளை என் மகளிடம் கொடுத்தார். குழந்தையிடம் கொடுப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன். தாய்க்கும் பிள்ளைக்குமாகச் சேர்த்துத்தான் கொடுத்தார் போலும்.

ஊர் திரும்பிய பின் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. பள்ளி, அலுவலகம், பூசை விடுமுறை என்று மாதங்கள் ஓடின. 2020-இல் ஊரடங்கு வந்தது. மகள் வீடு சால்ட் லேக்கில். எங்கள் வீடு தெற்கே. பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் மாலை அவள் தொலைபேசியில், "அம்மா, அகரத்திலிருந்து தொடங்கு" என்றாள். நாள்தோறும் ஆறு மணிக்கு அரைமணி நேரம். மனைவி கைப்பேசியின் முன் சிலேட்டைப் பிடிப்பாள். எதிரே இரண்டு தலைகள் தெரியும். நான் அந்த நேரத்தில் அறைக்குள் வரக்கூடாது என்பது மகளின் கட்டளை. அடுத்த அறையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மகள் 'வெண்ணிற இரவுகளை' இப்போது இரண்டாம் முறை படிக்கிறாள். அந்தப் பணத்தாள்தான் அடையாளத் தாள். லகர ளகரத்தில் இன்னும் தடுமாற்றம் உண்டு. மிதாலிக்குப் படிப்பதைவிட எழுதுவதில் விருப்பம். ஆனால் விரைந்து எழுதும்போது பழக்க தோஷத்தால் தமிழ் எழுத்துகளின் தலைமேலும் வங்காளக் கோட்டை இழுத்துவிடுகிறாள். மனைவி அழிப்பானை எடுத்து, கோட்டை மட்டும் அழித்துத் திருப்பிக் கொடுக்கிறாள்.